யாருடைய ரத்தத்துக்குத் தெரியும்?

சந்தைக்கு வராமலேயே நின்றுபோன ஒரு சோயாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

சோயாவில் புரதம் ஏராளம். மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் மட்டும் குறைவு. வளரும் கோழிக்கு அது போதாது என்பதால் உலகம் முழுக்கக் கோழித் தீவனத்தில் மெத்தியோனினைத் தனியாக வாங்கிக் கலக்கிறார்கள். அந்தச் செலவைச் செடியே மிச்சப்படுத்தித் தராதா என்று அமெரிக்காவின் பயனியர் ஹை-பிரெட் விதை நிறுவனம் யோசித்தது. அமேசான் காட்டு மரமொன்றில் விளையும் பிரேசில் நட் என்ற பருப்பில் 2எஸ் அல்புமின் என்றொரு புரதம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 18 சதவீதம் மெத்தியோனின்தான். அந்தப் புரதத்துக்கான மரபணுவை எடுத்துச் சோயாவுக்குள் வைத்தார்கள். செடி வளர்ந்தது, காய்த்தது, பயற்றில் மெத்தியோனின் கூடியது.

ஆனால் பிரேசில் நட் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு பருப்பைக் கடித்த சில நிமிடங்களில் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், தொண்டை அடைக்கும். உயிர் போகும் நிலைக்குப் போவதும் உண்டு. அந்தப் பருப்பில் இருக்கும் எத்தனையோ புரதங்களில் இந்த வேலையைச் செய்வது எது என்று அப்போது தெளிவாகத் தெரியாது. கோழிக்கென்று விளைவித்த சோயா மனிதர் சாப்பாட்டில் கலந்துவிடாது என்று யாரும் உறுதி சொல்லவும் முடியாது. எனவே நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உணவு ஒவ்வாமையை ஆராய்ந்துவந்த ஸ்டீவ் டெய்லர் குழுவின் கைக்கு அந்தச் சோயா போனது.

அந்தக் குழு தேடிப்போனது ரத்தத்தை. பிரேசில் நட் ஒத்துக்கொள்ளாத 9 பேரின் சீரத்தை வாங்கினார்கள். ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் வைக்கோல் நிறத் திரவம்தான் சீரம். சோயாவின் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஒரு மெல்லிய தாளில் ஏற்றி, அதன்மேல் அந்தச் சீரத்தை ஊற்றினார்கள். 9 பேரில் 8 பேரின் சீரம், சோயாவுக்குள் புதிதாகக் குடியேறியிருந்த அந்த ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டது. பிறகு 3 பேர் தங்கள் தோலையே சோதனைக்குக் கொடுத்தார்கள். சாதாரணச் சோயாவின் சாற்றுக்கு அவர்கள் தோல் சும்மா இருந்தது. புதிய சோயாவின் சாற்றுக்குத் தடித்தது. 1996 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இந்த முடிவு வெளியானது. நிறுவனம் அந்தச் சோயாவைக் கைவிட்டது.

நல்லது செய்யப்போய்க் குற்றவாளியையே தேர்ந்தெடுத்து வயலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பிரேசில் நட் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் அந்த 2எஸ் அல்புமின்தான் என்பதே இந்தச் சோதனையில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஒருவர்கூட ஒரு வாய் சாப்பிடவில்லை. ஏற்கெனவே பாடுபட்டிருந்த சிலரின் ரத்தம், மற்றவர்கள் படவிருந்த பாட்டை முன்கூட்டியே சொல்லிவிட்டது. எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் உணவு அறிவியலில் இல்லை.

ரத்தத்துக்கு எப்படித் தெரியும்?

1921இல், அன்று ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் இருக்கிற பிரெஸ்லாவ் நகரத்தில், இரண்டு மருத்துவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். ஹைன்ஸ் க்யூஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. கார்ல் பிராஸ்னிட்ஸ் மீனைத் தாராளமாகச் சாப்பிடுவார். க்யூஸ்ட்னரின் சீரத்தில் கொஞ்சத்தை எடுத்துப் பிராஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. நண்பருடைய ஒவ்வாமை அவர் வயிற்றில் ஒரு நாணய அளவுக்குக் குடியேறியிருந்தது. ஆக, மீனை அடையாளம் கண்டுகொள்ளும் ஏதோ ஒன்று சீரத்தில் மிதக்கிறது. அதை ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு மாற்றமுடியும். ஒருவர் ரத்தத்தோடு நோய்க்கிருமியும் போய்விடும் என்பதால் இன்று யாரும் இப்படிச் செய்வதில்லை.

அந்த ஏதோ ஒன்று என்ன என்று தெரிய இன்னும் 45 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் டென்வர் நகரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா தம்பதி 1966இல் அதைப் பிரித்துக் காட்டினார்கள். சுவீடனின் உப்சாலாவில் ஜொஹான்சனும் பென்னிச்சும் வேறொரு வழியில் அதே பொருளை வந்தடைந்தார்கள். 1968இல் இரண்டும் ஒன்றுதான் என்று ஏற்கப்பட்டு ஐஜிஇ என்ற பெயர் நிலைத்தது. நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்களில் இது மிகக் குறைந்த அளவில் இருப்பது. ரத்தத்தில் மிதப்பது கொஞ்சம். பெரும்பகுதி போய் மாஸ்ட் செல்கள் என்ற செல்களின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. தோல், மூக்கு, மூச்சுக்குழல், குடல் என்று வெளியுலகம் உள்ளே நுழையும் வாசல்களில் எல்லாம் அந்தச் செல்கள் காத்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஹிஸ்டமின் நிறைந்த சிறு பொட்டலங்கள்.

வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி வேண்டும் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். ஒரு புரதம் ஒரே ஒரு ஐஜிஇயைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ இரண்டை ஒரே புரதம் ஒருசேரப் பிடித்து இணைக்கவேண்டும். அப்போதுதான் செல் பொட்டலங்களை வெளியே கொட்டும். அரிப்பு, தடிப்பு, வீக்கம், மூச்சிரைப்பு எல்லாம் அதன் பின்விளைவு. இந்த இரண்டு சாவிக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தோல் சோதனையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? முன்கையின் உட்புறத்தில் பேனாவால் எண்கள் குறிப்பார்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டுச் சாறு. சொட்டின் வழியே ஒரு சின்ன ஊசிமுனையால் தோலை லேசாகக் குத்துவார்கள், ரத்தம் வராது. ஒரு சொட்டு வெறும் உப்புநீர், அது தடிக்கக்கூடாது. ஒரு சொட்டு ஹிஸ்டமின், அது தடித்தே ஆகவேண்டும். பிறகு 15 நிமிடம் கையை நீட்டியபடி சொறியாமல் உட்கார்ந்திருக்கவேண்டும், அதுதான் கஷ்டம். கொசுக்கடி போல எழும்பும் தடிப்பை அளவுகோல் வைத்து அளப்பார்கள். 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பொருளை உடம்புக்குத் தெரியும் என்று அர்த்தம்.

ஒரு புதிய உணவோ புதிய புரதமோ வந்தால் எடுத்த எடுப்பில் ரத்தத்துக்குப் போவதில்லை. முதலில் அதன் உறவுமுறையைப் பார்க்கிறார்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோத்த மாலை. ஏற்கெனவே தெரிந்த ஒவ்வாமைப் புரதங்களின் மாலைகள் கணினியில் சேர்த்துவைக்கப்பட்டிருக்கின்றன. புதியதில் தொடர்ந்துவரும் ஏதாவது 80 மணிகள் பழைய குற்றவாளி ஒன்றோடு 35 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் சந்தேகப்படு என்கிறது, சர்வதேச உணவு நெறிமுறையான கோடெக்ஸ் 2003இல் வகுத்த வழிகாட்டி. அடுத்தது செயற்கை வயிறு. அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் கலந்த திரவத்தில், உடல் வெப்பத்தில், புரதத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். கீரைகளின் இலைப் புரதம் அரை நிமிடத்துக்குள் காணாமல் போய்விடும். நிலக்கடலையின் முக்கியப் புரதங்கள் ஒரு மணி நேரம் ஆனாலும் துண்டு துண்டாகவாவது மிஞ்சி நிற்கும். சுலபத்தில் செரிக்காத புரதம் குடல் வரை முழுசாகப் போய்ச் சேரும், சேர்ந்தால் கலாட்டா செய்யும் என்பது இந்தச் சோதனையின் தர்க்கம். பாலில் உள்ள கேசீன் எளிதில் செரிக்கிறது, ஆனாலும் ஒவ்வாமை தருகிறது. ஆகவே இந்தத் தர்க்கத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

உறவுமுறைச் சோதனையும் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இறாலைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கடலோர ஊர்களில் இறால் ஒத்துக்கொள்ளாத ஒருவராவது எல்லோருக்கும் தெரிந்திருப்பார். இறாலை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டாலும் அவருக்கு அரிக்கும். அவர் மிகைப்படுத்தவில்லை. இறால் தசையில் ட்ரோபோமயோசின் என்ற புரதம் இருக்கிறது, இரு புரி கயிறு போல முறுக்கிக்கொண்டது. கொதிக்கவைத்தால் பிரியும், ஆறினால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். இறால் வெந்த தண்ணீரிலும் அது இறங்கியிருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.வி. சுப்பா ராவ் குழு, நம் கடலில் கிடைக்கும் வெள்ளை இறாலிலிருந்து, வெப்பத்துக்கு அழியாத ஒவ்வாமைப் புரதங்களை 1989இல் பிரித்தெடுத்தது. அவற்றில் முக்கியமானது ட்ரோபோமயோசின்தான் என்று அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 1993இல் அடையாளம் காட்டியது. உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் கண்டுபிடிப்பு அது.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். 2021 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் உலர்ந்த மஞ்சள் மாவுப்புழுவைப் புதிய உணவாக அனுமதித்தது. ஒரு வகை வண்டின் புழு அது. குறைந்த நிலம், குறைந்த தண்ணீர், நிறையப் புரதம். புழுவை முன்னே பின்னே சாப்பிட்டிராத ஊரில் அதன் ஆபத்தை எப்படி எடைபோடுவது? உறவுமுறை கேட்டார்கள். பூச்சியும் இறாலும் கணுக்காலி என்ற ஒரே பெருங்குடும்பம். இரண்டின் ட்ரோபோமயோசினும் அண்ணன் தம்பி ஜாடை. அப்படியானால் இறால் ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தத்துக்குப் புழுவைத் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்திருந்தது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. இறால் ஒவ்வாமை உள்ள 15 பேருக்கு மருத்துவர்கள் பக்கத்தில் இருக்க, மாவுப்புழு எதில் இருக்கிறது எதில் இல்லை என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் சாப்பிடுபவருக்கும் தெரியாமல், சிறிது சிறிதாக அளவைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். 13 பேருக்கு ஒவ்வாமை வந்தது. 2016இல் வெளியான அந்த ஆய்வின் 15 பேரும் தங்கள் வாழ்நாளில் அதற்கு முன் மாவுப்புழுவைத் தொட்டும் பார்த்திருக்கத் தேவையில்லை. ஐரோப்பாவில் அந்த உணவுப் பொட்டலத்தின் மேல், இறால் நண்டு வகைக்கும் வீட்டுத் தூசிப்பூச்சிக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாமல் போகலாம் என்று அச்சிடவேண்டும் என்பது அனுமதியோடு வந்த நிபந்தனை.

இங்கேதான் கோழி வந்து குறுக்கே நிற்கிறது. கோழித் தசையிலும் ட்ரோபோமயோசின் உண்டு. நம் தசையிலும் உண்டு. இறாலினுடையதோடு ஒப்பிட்டால் பாதிக்கு மேல் ஒத்துப்போகும். 35 சதவீத விதிப்படி கோழிக்கறியைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கவேண்டும். ஆனால் இறால் ஆகாதவர் கோழிக்குழம்பை நிம்மதியாகச் சாப்பிடுகிறார். கோழியின் புரதம் நம் சொந்தப் புரதத்தைப் போலவே இருப்பதால் உடம்பு அதைத் தன்னைச் சேர்ந்ததாகவே பார்க்கிறது. மணிகளின் வரிசை இதைச் சொல்லாது, ரத்தம் சொல்லும். கணினியைத் தாண்டிச் சீரத்துக்குப் போகவேண்டிய காரணம் இதுவே.

ஆனால் ரத்தம் சொல்வதையும் முழுக்க அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெங்களூரு, மைசூரு பகுதிப் பெரியவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. 24 உணவுகளுக்கு ரத்தத்தைச் சோதித்ததில் 26.5 சதவீதம் பேரிடம் ஏதாவதோர் உணவுக்கு ஐஜிஇ இருந்தது. சாப்பிட்டால் உண்மையில் ஒவ்வாமை வரக்கூடியவர்கள் என்று கணக்கிட்டதோ 1.2 சதவீதம்தான். அதாவது ரத்தத்துக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது, உடம்பு சண்டைக்குப் போவதில்லை. பலமுறை இந்த ஐஜிஇ பற்றிக்கொள்வது புரதத்தையே அல்ல. தாவரப் புரதங்களின்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியை. பிடி தளர்வாகவும் இருக்கலாம், ஒரே ஓர் இடத்தில் மட்டும் பிடித்திருக்கலாம். ஒற்றைச் சாவியால் லாக்கர் திறக்காது. ரத்தப் பரிசோதனைத் தாளில் 'பாசிட்டிவ்' என்று ஒரு வரி பார்த்துவிட்டு, இத்தனை காலம் சுகமாகச் சாப்பிட்டுவந்த பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிடும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அந்தத் தாள் கேள்வியைத் தொடங்கிவைப்பது. மருத்துவர் பக்கத்தில் இருக்கச் சாப்பிட்டுப் பார்ப்பதுதான் அதை முடித்துவைக்கும்.

இந்த இடைவெளியை அடைக்க ஓர் அழகான சோதனை இருக்கிறது. மாஸ்ட் செல்லுக்கு ரத்தத்தில் ஓர் உறவுக்காரர் உண்டு, பேசோஃபில் என்று பெயர். வெள்ளணுக்களில் 100க்கு ஒன்றுகூடத் தேறாது. அதன்மேலும் ஐஜிஇ உட்கார்ந்திருக்கும், உள்ளே ஹிஸ்டமின் பொட்டலங்கள் இருக்கும். பொட்டலத்தின் உட்சுவரில் சிடி63 என்ற புரதம் பதிந்திருக்கிறது. பொட்டலம் செல்லின் சுவரோடு சேர்ந்து வாய் திறக்கும்போது, உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பி, சிடி63 செல்லின் மேலே வந்து தெரியும். சட்டைப்பையை இழுத்து வெளியே விட்டால் உள்துணி தெரிவதைப் போல. புதிதாக எடுத்த ரத்தத்தில் சந்தேகத்துக்குரிய உணவின் சாற்றை விட்டு, சிடி63இல் ஒட்டி ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன் ஓடவிடுவார்கள். ஒளிர்ந்த செல்கள் எத்தனை என்று கருவி எண்ணிச் சொல்லும். பற்றிக்கொண்டதா என்று பார்ப்பது சீரச் சோதனை. இரண்டு சாவியும் திரும்பியதா என்று பார்ப்பது இது. ஆபத்து நடப்பது சோதனைக் குழாயில், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. செல்கள் உயிரோடு இருக்கவேண்டும் என்பதால் சீரத்தைப் போல உறையவைத்து ஆண்டுக்கணக்கில் சேமிக்க முடியாது. சிலரின் பேசோஃபில் எதற்குமே அசையாமல் இருந்துவிடுவதும் உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் உறவினர் தெரிந்த உணவுகளின் கதை. பிரேசில் நட் புரதத்துக்குப் பிரேசில் நட் ஆகாதவர் இருந்தார். மாவுப்புழுவுக்கு இறால் ஆகாதவர் இருந்தார். மாடில்லாமல் நுண்ணுயிரைக் கொண்டு பால் புரதம் தயாரிக்கிறார்கள் இப்போது. அதற்குப் பால் ஆகாதவர் இருக்கிறார். உறவே இல்லாத புரதம் ஒன்று தட்டில் வந்து விழுந்தால் யாருடைய ரத்தத்தைக் கேட்பது?

இந்தக் கேள்வி 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவைத் திணறடித்தது. ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளத்தில் க்ரை9சி என்ற புரதம் இருந்தது, மண் பாக்டீரியாவிலிருந்து பூச்சியைக் கொல்ல எடுத்தது. செயற்கை வயிற்றில் அது சீக்கிரம் செரிக்கவில்லை, சூட்டையும் தாங்கியது. அதனால் 1998இல் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி. ஆனால் சோளத்துக்கு அந்த வேலி தெரியுமா? 2000 செப்டம்பரில் கடையில் விற்ற, டாக்கோ என்ற மக்காச்சோளப் பண்டத்தின் ஓடுகளில் அது கண்டுபிடிக்கப்பட்டது. பண்டங்களைத் திரும்பப் பெற்றார்கள். சாப்பிட்டு ஒவ்வாமை வந்ததாகப் பலர் புகார் சொன்னார்கள். அவர்களில் சிலரின் சீரத்தைச் சோதித்து, க்ரை9சிக்கு எதிரான ஐஜிஇ எதுவும் இல்லை என்று 2001இல் அரசு அறிவித்தது. நிபுணர் குழு அதை முழுமையாக ஏற்கவில்லை. க்ரை9சி ஒவ்வாமை உள்ளவர் என்று உறுதியாகத் தெரிந்த மனிதர் உலகத்தில் ஒருவரும் இல்லை. அப்படி ஒருவரின் சீரம் இல்லாமல், சோதனை வேலை செய்கிறது என்பதை எதை வைத்துச் சரிபார்ப்பது? புகார் சொன்னவர்களில் ஒருவர் பிறகு மருத்துவர்கள் முன்னிலையில் அந்தச் சோளத்தையே சாப்பிட்டுப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் ஒருவருக்கு அது பதில்.

மனிதச் சீரம் கிடைக்காத இடத்தில் எலியிடம் கேட்கலாம் என்றும் முயன்றார்கள். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனம், வண்டு தின்னாத பட்டாணிக்காக அவரை இனத்தின் புரதம் ஒன்றைப் பட்டாணிக்குள் வைத்தது. எலிகளின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதற்குக் கொந்தளித்தது. அவரையில் இருந்தபோது அப்படிச் செய்யவில்லை என்று 2005இல் எழுதினார்கள். ஏறக்குறையப் பத்தாண்டு உழைப்பை நிறுத்தினார்கள். 2013இல் வியன்னாவிலிருந்து வந்த இன்னோர் ஆய்வில் சாதாரண அவரைக்கும் சாதாரணப் பட்டாணிக்கும்கூட எலிகள் அதேபோலக் கொந்தளித்தன. எலியின் உடம்பு சொல்வதை மனிதனின் உடம்பு சொல்வதாக எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்பதில் ஆய்வாளர்களுக்கு இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நிறுத்தியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். கையில் இருந்த விவரத்துக்கு அதுவே நேர்மையான முடிவு.

இவ்வளவு கேள்வியும் கேட்கப்படாமல் உலகத் தட்டுக்கு வந்த பழம் கிவி. சீனத்துக் கொடி, 1904இல் விதைகள் நியூசிலாந்துக்குப் போயின, பல்லாண்டு கழித்து அங்கிருந்து உலகச் சந்தைக்கு ஏற்றுமதியானது. அதன் ஒவ்வாமை பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1981இல் வந்தது. இன்று பல நாடுகளில் அது சாதாரணமாகக் காணும் பழ ஒவ்வாமை. முதன்முதலில் வாய் அரித்து, நாக்கு வீங்கி, காரணம் தெரியாமல் மருத்துவரிடம் போனவர்கள்தான் அந்தப் பழத்தின் பரிசோதனைக்கூடமாக இருந்தார்கள்.

மாவுப்புழுவுக்கும் அப்படிச் சிலர் கிடைத்திருக்கிறார்கள். அதே நெதர்லாந்து ஆய்வாளர்கள், மாவுப்புழு வளர்த்துவந்த 4 பேரைப் பற்றி 2017இல் எழுதினார்கள். புழுவின் தூசியை நாள்தோறும் சுவாசித்துச் சுவாசித்து அவர்களுக்குப் புழுவுக்கே ஒவ்வாமை வந்திருந்தது. இறால் சாப்பிட்டால் அவர்களுக்கு எதுவும் செய்யவில்லை. அவர்களின் ஐஜிஇ பற்றிக்கொண்டது ட்ரோபோமயோசினை அல்ல. புழுவின் தோலுறையில் இருக்கும் வேறு புரதங்களை. பொட்டலத்தின்மேல் அச்சிட்ட எச்சரிக்கை இறால் ஆகாதவர்களுக்கானது. இந்த நால்வரை அது எச்சரித்திருக்காது. அந்தத் தோலுறைப் புரதங்களை அடையாளம் காட்டித்தந்த சீரம், கையளவு குப்பிகளில், இவர்களுடைய கையிலிருந்து எடுத்தது.